அட்டகட்டியில் நிற்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை. அது சுற்றுலாப் பயணிகளின் வசதிக்காக வைத்தது என்று புதுக் கார் வைத்திருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இன்ஜின் மாற்றிய பழைய அம்பாசிடர் வைத்திருப்பவருக்கு விஷயம் தெரியும். "எங்கீங்க சார் நிக்குது?" என்று போனில் மெக்கானிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் பலகை.

இந்தப் பாதையில் முறையாக, கௌரவமாக, பார்ப்பவர்கள் மெச்சும்படி நின்றுபோவதற்கான வழிமுறைகளைக் கீழே தருகிறேன்.

முதலில் தகுந்த வண்டி வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் அம்பாசிடர் இதற்கு லாயக்கில்லை. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே வம்சம்தான் என்று உரிமையாளர் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் மலையில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏன் நின்றது என்பது ஊருக்கே தெரியும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் கிளம்பிவிடும். இதில் என்ன சுவாரஸ்யம்?

1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசு இன்ஜின் வைத்து விற்ற அம்பாசிடரையும் தவிர்க்கவும். அங்கே ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், இன்ஜின் எதன்மேல் உட்கார வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது கணக்குப் போடாத வண்டி. அறுபதுகளின் மார்க் 2 ஒன்றைப் பிடியுங்கள். கோவை உக்கடத்தில் அதே 1995 சிசி இசுசு டீசல் இன்ஜின் ஒன்றை வாங்குங்கள். குதிரைத்திறன் பெரிதாகக் கூடிவிடாது. இழுவையும் மைலேஜும் கூடும், சத்தம் நிச்சயமாகக் கூடும். பிறகு வேலையை நான்கு பேரிடம் பிரித்துக் கொடுங்கள். மவுண்டிங் அடிப்பவர் ஒருவர், வெல்டிங் ஒருவர், ரேடியேட்டர்காரர் ஒருவர், வயரிங் பார்ப்பவர் ஒருவர். நால்வரும் ஒருவரையொருவர் எந்தக் காலத்திலும் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இதற்குக் காரணம் இருக்கிறது. இப்படி மாற்றிய வண்டியில் இன்ஜின் பழுதாவது அபூர்வம். அந்த ஜப்பான் இரும்பு உங்களையும் என்னையும் வழியனுப்பிவிட்டு ஓடக்கூடியது. பழுதாவது ஒட்டுப்போட்ட இடம். இரண்டு அளவு ஹோஸை ஒன்றாக்கிய கிளிப், அறுத்து நீட்டிய டீசல் பைப், பழைய மீட்டரோடு கோத்த புது சென்சார், முறுக்கி டேப் சுற்றிய வயர். இந்த இடங்களைப் பற்றி அம்பாசிடர் புத்தகத்திலும் இருக்காது, இசுசு புத்தகத்திலும் இருக்காது. உலகத்திலேயே ஒரு வண்டிக்கு மட்டும் உள்ள வியாதி அது. சும்மா கிடைக்குமா?

ஸ்பேனர் செட்டும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இஞ்ச் கணக்கு, இன்ஜின் மில்லிமீட்டர் கணக்கு. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13ஆம் நம்பர் ஸ்பேனர் சுமாராக உட்காரும், நன்றாகத் திருகும், மூன்றாவது திருகலில் நட்டின் மூலையெல்லாம் மழுங்கி வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அதைக் கழற்ற உளியும் சுத்தியலும் தேவை. அவற்றையும் டிக்கியில் போடுங்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்துவிட்டது. 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். ஆனால் சேஸியையும் பாடியையும் இன்ஜினையும் நோண்டாமல் வைத்திருந்தால்தான். ஆகவே உங்கள் வண்டி வயசில் கிழம், சட்டத்தின் கண்ணில் அது பாரம்பரியமும் இல்லை, ஒழுங்கான வண்டியும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரரிடம் இதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம், அவரே எடுப்பார்.

பெட்ரோல் பங்க்கில் கவனம். அங்கே சின்னப் பையன் இருந்தால் பயமில்லை; "என்னங்கண்ணா போடறது?" என்று கேட்பான். நரைத்த தலைக்காரர் இருந்தால்தான் ஆபத்து. அவர் காலத்து மார்க் 2 வந்து நிற்பதைப் பார்த்ததும் கண் கலங்கி, கேட்காமலே பெட்ரோல் பைப்பைச் சொருகிவிடுவார். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். பெட்ரோல் போனால் உள்ளே வறண்டு தேய்ந்துபோகும். பெட்ரோல் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் சாவியைத் தொடக்கூட வேண்டாம். அங்கேயே டேங்க்கை வடித்துவிடுங்கள். நான் கேலிக்குச் சொல்லாத சில வரிகளில் இது ஒன்று.

இனி நிற்கும் கட்டம்.

டீசல் வண்டி மூன்று விதமாக நிற்கும். ஒன்று, ஓடிக்கொண்டே இருக்கும்போது யாரோ சுவிட்சை அணைத்தமாதிரி சட்டென்று அடங்கும். பானெட்டைத் திறந்து டீசல் பம்ப்பின் தலையில் தனியாக வரும் ஒற்றை வயரைப் பாருங்கள். சொலினாய்டு வயர் அது. அதில் 12 வோல்ட் இருக்கும்வரைதான் டீசல் உள்ளே போகும். வயரிங்காரர் அதை ஒரு திருகு, ஒரு சுற்று டேப் என்று முடித்திருப்பார். மாட்டிவிட்டால் கிளம்பும். ஆனால் உடனே மாட்டிவிடாதீர்கள். அதற்குள் கிளம்பிவிட்டால் வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இரண்டாவது, ஏற்றத்தில் இழுவை குறைந்து, விக்கி விக்கி, இருமி நிற்பது. டீசல் பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டருக்கு மேலே கையால் அமுக்கும் பம்ப் இருக்கும். பக்கத்து ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு அமுக்கினால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். அப்போது இறுக்குங்கள். அப்படியும் எடுக்கவில்லை என்றால் நாசிலுக்குப் போகும் பைப் நட்டைச் சற்றே தளர்த்திக்கொண்டு, மச்சானைச் சாவி போடச் சொல்லுங்கள். விரலை மட்டும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். என்னைக் கேட்டால், ஏர் எடுப்பது மனிதனுக்கு மிச்சமிருக்கும் சில நல்ல வேலைகளில் ஒன்று. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, கை அழுக்காகிறது, வண்டி கிளம்புகிறது. ஆபீஸில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

(மச்சான் யார் என்று சொல்லவில்லையே. அவர் பின்னால் புதிதாக வாங்கிய பெரிய வண்டியில் வந்துகொண்டிருப்பார். ஏசியை நிறுத்தாமல் கண்ணாடியை மட்டும் நான்கு விரல்கிடை இறக்கி, "மாப்ளே, எல்லாரும் இதுல வந்திருக்கலாம்" என்பார். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மச்சான் அவசியம். இல்லாதவர்கள் சித்தப்பாவை அழைத்துச் செல்லலாம்.)

நின்ற வண்டியைக் கிளப்பச் சாவி போட்டால் "டக்" என்ற சத்தத்தோடு செல்ஃப் சுற்றாமலே நின்றால், இன்ஜின் ஜாம் என்று அழத் தொடங்காதீர்கள். ஆக்ஸிலரேட்டர் வயரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டை போட மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பிப் போக வழி தெரியாமல் ஆக்ஸிலரேட்டர் வயர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. தடித்த வயர் ஒன்றை இன்ஜினிலிருந்து சேஸிக்குப் போடுங்கள்.

மூன்றாவது வகைதான் இந்தக் கையேட்டின் உயிர்: சூடாகி நிற்பது. இந்த ஏற்றத்தில் வரும் அட்டகட்டி பக்கம் இது நிகழ்வதே மரபு.

மீட்டரை நம்பாதீர்கள். முள் ஆழியாறிலும் நடுவில் நின்றது, இப்போதும் நடுவில் நிற்கிறது, நாளை பழைய இரும்புக் கடையிலும் நடுவில்தான் நிற்கும். அது அந்தக் காலத்து மீட்டர், சென்சார் இந்த இன்ஜினுடையது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூக்கை நம்புங்கள். கூலன்ட் ஆவியானால் இனிப்பாக ஒரு வாடை வரும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இந்த நேரத்தில் ஹீட்டரைப் போடச் சொல்லும், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வண்டிக்குள் வந்துவிடுமாம். பொள்ளாச்சி வண்டியில் யார் ஹீட்டர் வைத்தார்கள்?

வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஒரு பச்சைக் கிளையைப் போடுங்கள். முக்கோண ரிஃப்ளெக்டரும் வையுங்கள்; ஆனால் நம்மூர் டிரைவருக்குக் கிளைதான் புரியும். பொழுது சாயும் நேரமென்றால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். அது யானைகளின் ரோடு.

அடுத்த சில நிமிஷங்களில் கூட்டம் சேரும். அரசு பஸ் டிரைவர் நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்து, "ஹெட் போச்சுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். கொச்சியிலிருந்து வந்த பைக் ஓட்டிகள் வண்டியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ரிட்டயர்ட் பெரியவர், "எங்கய்யா இதே கலர்ல வெச்சிருந்தாருங்க" என்று தொடங்குவார். அவரைத் தடுக்க வழியில்லை. இரண்டு பேர் ஓடையிலிருந்து பாட்டிலில் ஐஸ் மாதிரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். இவர்களை மட்டும் எப்படியாவது தடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் அந்தத் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிப்பு விடும். பஸ் டிரைவர் சொன்னது அப்போதுதான் உண்மையாகும். ரேடியேட்டர் மூடியையும் தொடாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியே கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். வெறும் தண்ணீர் 3,500 அடி உயரத்தில் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் நினைவில் வைத்து, ஒரு மணி நேரம் பெரியவரின் கதையைக் கேளுங்கள்.

ஆறிய பிறகு திறந்து பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் கசடு இருந்தாலோ, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிவிட்டு மச்சானின் ஏசியில் போய் உட்காருங்கள். அவை இரண்டும் இல்லையென்றால் மெக்கானிக்குக் கூப்பிடுங்கள்.

இங்கே சம்பந்திச் சண்டை தொடங்கும். "என் வேலைல ஒண்ணுமில்லீங்க சார், ரேடியேட்டர்காரர்ட்ட கேளுங்க" என்பார் மவுண்டிங் அடித்தவர். "மூணு அடுக்கு கோர் போட்டுக் குடுத்தனுங்க, வயரிங்ல பாருங்க" என்பார் ரேடியேட்டர்காரர். வயரிங்காரர், "ஃபேன் சுத்துதுங்களா? சுத்துதில்லீங்க? அப்புறம் என்னங்க?" என்பார். மூவரும் உண்மையே சொல்கிறார்கள். நான்காமவரான வெல்டிங்காரர் போனை எடுக்கமாட்டார். அதுவும் ஒருவகை உண்மைதான்.

ஃபேன் சுற்றுகிறது, சரி. எந்தப் பக்கம் சுற்றுகிறது? இசுசுவின் சொந்த ஃபேனுக்கு இந்த பானெட்டுக்குள் இடமில்லாததால் ஏதோ ஒரு சின்னக் காரின் எலக்ட்ரிக் ஃபேனை வைத்திருக்கிறார்கள். ஓட்டல் பில் ஒன்றை எடுத்து, ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம், கிரில் பக்கமாகக் காட்டுங்கள். காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் உங்கள் சட்டைமேல் பறந்து விழுந்தால், இரண்டு வயரையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வரும் காற்றை எதிர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கோவையிலிருந்து பொள்ளாச்சிவரை அறுபதில் வந்தீர்கள், எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் காப்பாற்றிவிட்டது. மலையில் பதினைந்து, இருபதில் ஏறும்போது அந்தக் காற்று இல்லை. வண்டி தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டது. வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டபடியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். செலவு: பூஜ்யம். இதை யாரிடமும் சொல்லாதீர்கள். "பெரிய ஃபால்ட், எப்படியோ சமாளிச்சேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

வால்பாறையில் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்குவீர்கள். ஏறும்போது நின்றதற்கு இவ்வளவு வழிமுறைகள் கொடுத்தேன். இறங்கும்போது நிற்க முடியாமல் போனால் ஒரு வழிமுறையும் கிடையாது. இன்ஜின் மாறியது, பிரேக் மாறவில்லை. அதே பழைய டிரம் பிரேக், இப்போது முன்பைவிட கனமான மூக்கைப் பிடித்து நிறுத்த வேண்டும். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி, கால் இறங்கும், வண்டி நிற்காது. எனவே செகண்ட் கியரிலேயே இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கும் யோசனை சொல்பவரை வால்பாறையிலேயே இறங்கி பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். இடம் கிடைக்கும்போது ஒதுங்கி வழிவிடுங்கள். ஹாரன் அடிப்பது மச்சான் என்று தெரிந்தால் ஃபர்ஸ்ட் கியரும் இருக்கிறது.