தேக்கடிப் படகும் எதிர்ப்பக்க யானையும்: ஒரு முன்னாய்வு

அறிஞர் உலகம் இதுவரை தொடாத பொருளைத் தொடுகிறேன் என்று தொடங்குவது மரபு. அது தொடத் தகுந்ததே இல்லை என்பதால்தான் தொடவில்லையோ என்று ஆய்வாளன் யோசிக்கக் கூடாது. யோசித்தால் பட்டம் கிடைக்காது. சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் ஆய்வுக்கோவை என் கைக்கு வந்தது. தலையணை கனம். பெரும்பாலான கட்டுரைகளில் பொருளை வரையறுத்து முடிக்கும்போதே பக்கம் தீர்ந்துபோயிருந்தது. அதைப் படித்த சூட்டில் எழுதுவது இது. கேள்வி ஒன்றுதான்: பயணிகள் சில படகுகளை மட்டும் ஏன் மறப்பதில்லை?

இயல் 1: வரையறை

இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்குவது படகு. இந்த வரையறையில் குறை காண முடியாது என்றுதான் தேக்கடிக்குப் போகும்வரை நம்பியிருந்தேன். அங்கே இக்கரையில் ஏற்றுகிறார்கள், ஒன்றரை மணி நேரம் சுற்றுகிறார்கள், அதே இக்கரையில் இறக்கிவிடுகிறார்கள். அக்கரை என்ற ஒன்று இல்லை. ஆகவே, 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்ற பழமொழி தேக்கடியில் செல்லாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. தேக்கடி ஏரியில் உண்மையிலேயே கரை கடப்பது தண்ணீர் மட்டும்தான். இடுக்கி மாவட்டத்தில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது. அதற்குச் சீட்டு கிடையாது.

'தேக்கடி' என்ற சொல்லுக்கு வருவோம். தேக்கு மரத்தின் அடி என்பது ஒரு விளக்கம். அது எளிதாகப் புரிந்துவிடுவதால் ஆய்வுக்கு உதவாது. என் விளக்கம் வேறு. தேக்கு என்றால் நீரைத் தேக்குதல். அடி என்றால் அளவு. இந்த ஏரியை உண்டாக்கிய அணையில் எத்தனை அடி தேக்குவது என்று இரண்டு மாநிலங்கள் வழக்காடப்போவதை ஊரின் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. 136 அடியா, 142 அடியா, முழுக் கொள்ளளவான 152 அடியா என்பதெல்லாம் அந்த இரண்டாம் பகுதிக்கான உரை வேறுபாடுகள். 1886இல் அந்த அணைக்காகத் திருவிதாங்கூரும் ஆங்கில அரசும் எழுதிக்கொண்ட குத்தகை 999 ஆண்டுகளுக்கு. செருப்புக்கடை விலைபோல ஒன்று குறைவாக ஏன் வைத்தார்கள் என்பதற்குத் தனி ஆய்வேடு தேவை. நெறியாளர் கிடைத்தால் செய்வேன்.

இயல் 2: வகைமை

கன்னியாகுமரிப் படகுகள் (பொதிகை, குகன், விவேகானந்தா): இவற்றில் மறக்க முடியாதது வரிசை.

தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல்கள் (1914 முதல்): 1964 டிசம்பர் புயலில் துறையே போய்விட்டதால் கள ஆய்வு இயலவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பல்: இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகை வரும், இக்கட்டுரையின் நடைக்கு ஒத்துவராது.

பரம்பிக்குளத்து மூங்கில் மிதவை: பரம்பிக்குளம் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் பாலக்காட்டுக்காரரே சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் வந்து, மலையேறி, தம் மாவட்டத்துக்குள் மறுபடி நுழைய வேண்டும். அக்கரைக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைச் சாலையே செய்துவிடுவதால் மிதவைக்கு வேலை குறைவு.

தேக்கடிப் படகு: இதற்குத் தனி இயல்.

இயல் 3: யானை

தேக்கடிப் படகில் ஏறுகிறவர் யானை பார்க்க ஏறுகிறார். மிளா, காட்டுமாடு, பன்றி, நீர்நாய் எல்லாம் கணக்கில் சேரா. 'என்ன பாத்தீங்க?' என்று ஊரில் கேட்டால் யானையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 'ஒண்ணும் பாக்கல' என்று சொல்ல வேண்டும் (பெரியப்பா, திண்ணை, கம்பம்).

இந்த யானைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது மெய் யானை. இதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

இரண்டாவது முந்தைய படகு யானை. நாம் ஏறுவதற்குச் சற்று முன்பு, இறங்கி வருகிறவர்கள் பார்த்தது. அது எப்போதும் கூட்டமாகவும் குட்டியோடும் இருக்கும். இதற்கான சான்று: அத்தை மகன், வாய்மொழி, அவனுக்குச் சொன்னவர் படகுத்துறையில் குரங்கிடம் முறுக்கைப் பறிகொடுத்தவர், அவருக்குச் சொன்னவர் முந்தைய படகில் வந்தவர், மூலப்பிரதி கிடைக்கவில்லை, கிடைத்த பிரதிகளில் 'ஏழு யானை', 'எழுந்த யானை' என இரு பாடங்கள் உள்ளன, இரண்டாவதே பழையது என்று கொள்வதற்குக் காரணம், அதுதான் பொருள் விளங்காமல் இருக்கிறது.

மூன்றாவது கட்டை யானை. இங்கேதான் வாசகர் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். 1895இல் பொறியாளர் பென்னிகுயிக்கின் அணை முடிந்து நீர் ஏறியபோது, பள்ளத்தில் நின்ற காடு நின்றபடியே மூழ்கியது. பட்டுப்போன அந்த மரங்கள் நூற்று முப்பது ஆண்டு கடந்தும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. மேலே நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு விரித்துக் காயும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, ஈரம், பருமன் என யானைக்குரிய லட்சணங்கள் யாவும் அவற்றுக்கு உண்டு. படகு ஆடும்போது கட்டையும் ஆடும். 'தும்பிக்கைய ஆட்டுதுடி!' என்பது களத்தில் பதிவான வாக்கியம் (மதினி, கம்பம்–குமுளிப் பேருந்து, ஜன்னலோர இருக்கை, கொண்டை ஊசி வளைவு தொடங்கியபின் நினைவுகூர்ந்தது, அடுத்த வளைவில் தலைசுற்றல் வந்ததால் முற்றுப்பெறவில்லை).

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கட்டைகள் அதிகம் தெரியும். கட்டைகள் அதிகம் தெரியத் தெரிய யானைகள் பெருகும். எனவே 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னபோது, தமிழ்நாட்டுக்கு ஆறு அடி கிடைத்தது, தேக்கடிக்கு எத்தனையோ யானைகள் குறைந்தன. இரு மாநில வழக்கறிஞர்களும் இந்தக் கோணத்தைத் தொடவில்லை. நீர்மட்டத்தை அன்றாடம் குறித்து வைக்கும் பொறியாளர்கள் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு யானையையும் குறித்திருக்கலாம்.

நான்காவது எதிர்ப்பக்க யானை. நாம் இடப்புறம் உட்கார்ந்தால் யானை வலப்புறம் வரும். அடுத்த முறை வலப்புறம் உட்கார்ந்தால் இடம் மாறும். எதிர்ப்பக்கத்தார் 'ஆஆ' என்பதைக் கேட்டு நாம் எழும்போது, 'சாரே, இரிக்கூ' என்று பணியாளர் தோளை அழுத்துவார்.

அந்த அழுத்தத்தை மட்டும் கேலி செய்ய முடியவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. இன்று ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை மாட்டி, நாடாவைச் சரிபார்த்து, எழுந்தால் அதட்டுகிறார்கள். வேர்வை நாறும் அந்த அங்கியை முனகாமல் மாட்டிக்கொள்ளலாம்.

இனி யானையின் மொழியியல். எங்கள் பெரியம்மாவின் ஒரே தேக்கடிப் பயணத்தில் யானை எங்கள் பக்கமே வந்தது. படகுக்காரர் கையை நீட்டி 'ஆன! ஆன!' என்றார். பெரியம்மா பணிவாக அவரையே பார்த்தபடி வாக்கியம் முடியக் காத்திருந்தார். முடியவில்லை. 'ஆனா என்னய்யா, சொல்லி முடி' என்றார். அவர் சொல்லி முடிக்க ஒன்றுமில்லை. மலையாளத்தில் அத்துடன் யானை முழுமையாக வந்துவிட்டது, பிறகு காட்டுக்குள் போயும்விட்டது.

இத்தனைக்கும் பெரியம்மா வீட்டில் 'ஆனை' என்றுதான் சொல்வார். ஒரு ஐகாரம் குறைந்ததில் நாலு டன் விலங்கு நழுவியது. ஐகாரக் குறுக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் அதன் மாத்திரையை ஒன்றாக்கலாமா, ஒன்றரையாக்கலாமா என்று மல்லுக்கு நிற்கிறார்களே ஒழிய, அதனால் பயணிக்கு ஏற்படும் பொருள் நட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்தப் பகுதியை ஒரு கருத்தரங்கில் வாசிக்க எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தவே நாற்பது நிமிடம் ஆகிவிட்டதால், 'கட்டுரையின் சாரத்தை மட்டும்' என்றார்கள். 'ஆன' என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இயல் 4: நினைவு

கேள்விக்கு வருகிறேன். மெய் யானையைப் பார்த்தவர்கள் படகை மறந்துவிட்டார்கள். யானையைப் படம் பிடித்துக்கொண்டு அதையே பேசுகிறார்கள். பார்க்காதவர்களுக்கோ படகின் எந்த வரிசை, எந்த இருக்கை, அங்கியில் எந்த நாடா அறுந்திருந்தது, முன்னால் யாருடைய தொப்பி மறைத்தது என்பது வரை மனப்பாடம் (பெரியப்பா, மேலது, உடன்பாடு: மதினி, மறுப்பு: பெரியம்மா, அடுப்படியிலிருந்து, குரல் மட்டும், தாளிப்புச் சத்தத்தில் சில சொற்கள் சிதைந்துள்ளன).

மறுப்பு என்னவென்றால், தாம் யானையைப் பார்த்ததாகவே பெரியம்மா இப்போது சொல்கிறார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அது வளர்கிறது. முதலில் வெறும் யானை. பிறகு தந்தம் முளைத்தது. போன தைப்பொங்கலுக்கு அது நீரில் நீந்தியது. சான்றாக அந்தப் பயணத்தில் அத்தை மகன் எடுத்த படத்தைக் காட்டினார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீரில் ஒரு பட்ட மரம். உச்சியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டிருந்தது.

'இது கட்டை பெரியம்மா. மேல நீர்க்காகம் உக்காந்திருக்கு பாருங்க.'

'ஏன், ஆனை மேல நீர்க்காகம் உக்காராதாக்கும்?'

மறுக்க மேற்கோள் தேடிக்கொண்டிருக்கிறேன்.