பக்கத்து ஊர் பாடப்பொருள்

கேள்வி: டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்காவே இருக்கும் கழக்கூட்டத்தில், ஆசிரியர்களுக்குப் பாடத் துணைக்கருவி தேடுவதும் ஒரு கஷ்டமா?

பதில்: கஷ்டம் பஞ்சத்தால் இல்லை, பெருக்கத்தால். தேடி முடிப்பதற்குள் பீரியடு முடிந்துவிடும். அதனால்தான் கேரளத்தின் ‘சமக்ரா’ தளம் வகுப்பு, பாடம், அத்தியாயம் என்று பிரித்தே தருகிறது. ஆனால் திரைக்கு வெளியிலும் சரக்கு உண்டு. பக்கத்துத் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று ராக்கெட் கிளம்பியதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள், அது புவியியல். நைக்-அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் மேலே போனது இயற்பியல், அது வானில் கக்கிய சோடியம் ஆவி வேதியியல், அங்கிருந்த தேவாலயம் விண்வெளி அலுவலகமானது வரலாறு. ‘போர்ஷன் முடியாதே’ என்பீர்கள். நாலு பாடத்துக்கு ஒரே உதாரணம் என்றால் நேரம் மிச்சம்தானே? கணக்கு வாத்தியார் கோபிக்க வேண்டாம். எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட் போகும் பாதை அவருக்குத்தான்.