காய்ச்சலும் ஆட்டக் கணக்கும்: மங்களூர் வட்டார ரசிக மருத்துவம் பற்றிய ஒரு முதனிலை ஆய்வு

விளையாட்டு வீரருக்கு வைரஸ் காய்ச்சல் கண்டால் அவர் உடலில் என்ன நடக்கும் என்று மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அவருடைய ரசிகருக்கு என்ன ஆகும் என்று எந்த நூலும் வாய் திறக்கவில்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களம் மங்களூர். துறைமுகமும் விமான நிலையமும் உள்ள மங்களூரை எண்ணி வாசகர் ஏமாற வேண்டாம். இது பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கடலூர் மாவட்டத்து ஒன்றியம். தன் பேரில் இருந்த சட்டமன்றத் தொகுதியைக்கூட 2008 மறுசீரமைப்பில் திட்டக்குடிக்கு விட்டுக்கொடுத்த ஊர். ஆய்வுக் கூடம், டீக்கடை பெஞ்சு. கருவி, காது. நிதியுதவி, ஆய்வாளரின் சட்டைப் பை.

நமது கருதுகோள் சுருக்கமானது: வீரரின் காய்ச்சலை ரசிகர் டிகிரியில் அளப்பதில்லை, ஆட்டத்தில் அளக்கிறார். "நூத்திரண்டு டிகிரியாம்" என்றால் பெஞ்சில் அசைவில்லை. "ரெண்டு மேட்ச் ஆட மாட்டானாம்" என்றால் டீ ஆறிப்போகிறது.

முதல் தரவு 2020 ஆகஸ்டில் துபாயிலிருந்து வந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியோடு போனவர்களில் தீபக் சாஹர், ருதுராஜ் கெய்க்வாட் இருவருக்கும் கொரோனா. பயிற்சிக் குழுவினர், உதவியாளர்களையும் சேர்த்து மொத்தம் 13 பேர் என்றது கிரிக்கெட் வாரியம். அந்த ஆண்டு ஐபிஎல் தொடரில் சென்னை எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து, வரலாற்றில் முதல்முறையாக பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. இங்கேதான் ரசிக மருத்துவத்தின் மையக் கோட்பாடு பிறக்கிறது. நோய் வீரருக்கு, சாக்கு ரசிகருக்கு. ருதுராஜ் தேறி வந்து முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்தது 0, 5, 0. "உடம்புல இன்னும் தெம்பு வரலடா தம்பி" என்று பெஞ்சு தீர்ப்பளித்தது. கடைசி மூன்று ஆட்டங்களில் அவரே 65, 72, 62 என்று அடித்தபோது அதே பெஞ்சு, "வந்ததும் நல்லதுக்குத்தான், நல்லா ஓய்வு கிடைச்சுதுல்ல" என்றது. ஒரே கிருமி தோல்விக்கும் காரணம், வெற்றிக்கும் காரணம். இத்தனை நெகிழ்வான கிருமியை எந்த ஆய்வகமும் இன்னும் பிரித்தெடுத்ததில்லை.

இரண்டாம் தரவைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. 2021 மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று. சென்னையின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜிக்கும் தொற்று. மறுநாள் விருத்திமான் சாஹா, அமித் மிஸ்ரா. 29 ஆட்டங்களோடு தொடர் நின்றது. சட்டமன்றத் தேர்தல் முடிவு மே 2 அன்றே வந்துவிட்டதால், இரண்டே நாளில் டீக்கடை தன் இரு பேச்சுப் பொருள்களையும் இழந்தது. பிறகு ஊரடங்கில் கடையே நண்பகல் வரைதான். ஆக்சிஜனுக்கு ஊர் ஊராக அலைந்த மாதம் அது. "நம்ம டீம் நல்லா ஆடுற நேரம் பாத்து நிறுத்திட்டானுவ" என்ற குறை அப்போதும் கேட்டது, ஆனால் முகக்கவசத்துக்குள்ளே, தணிந்த குரலில். செப்டம்பர் 19 அன்று துபாயில் தொடர் மீண்டும் தொடங்கி, அக்டோபர் 15 அன்று சென்னை கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு அந்தக் குறையை யாரும் எழுப்பியதாகத் தரவு இல்லை.

ஆனால் ரசிக மருத்துவம் முழு வளர்ச்சி அடைந்தது 2023 அக்டோபரில்தான். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம் 8ஆம் தேதி, சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுடன். தொடக்க ஆட்டக்காரர் சுப்மன் கில்லுக்கு டெங்கு.

கொரோனா வந்தபோது பெஞ்சுக்கு அது புது நோய். தொலைக்காட்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டது. டெங்கு அப்படியல்ல. மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்து எழுந்த ஊர் இது. ஆகவே அன்று பெஞ்சில் இருந்த அனைவரும் நிபுணர்கள். பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்களா, நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்களா என்பதே முதல் விவாதம். குடிநீரின் ஒன்பது சரக்குகளையும் ஒருவர் வரிசையாக ஒப்பித்தார். இந்திய அணியின் பதினொரு பேரை அவரால் அப்படி ஒப்பிக்க முடியவில்லை. பஞ்சாபிப் பையன் கசப்பைக் குடிப்பானா என்ற ஐயத்தை இன்னொருவர் கிளப்பினார். ரத்தத் தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது என்பது அனைவருக்கும் மனப்பாடம். எண்ணிக்கை ஏறினால் பாகிஸ்தான் ஆட்டத்துக்கு வருவார், இறங்கினால் வரமாட்டார் என்று அதையும் ஸ்கோராக்கிவிட்டார்கள்.

இவ்வாய்வில் கிடைத்த ஒரே உருப்படியான மருத்துவக் கருத்து ஒரு விவசாயியுடையது. வெண்டையில் மஞ்சள் தேமல் வந்தால் செடிக்கு மருந்து கிடையாது, பரப்புகிற வெள்ளை ஈயைத்தான் பார்க்க வேண்டும் என்று தொடங்கி, "கொசு எங்க முட்ட வெச்சுதுன்னு எவனாச்சும் பாத்தானா மாமா?" என்று கேட்டார். டெங்குவுக்கு நேரான மருந்து இல்லை, ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் பெருகுகிறது, பகலில் கடிக்கிறது என்று சுகாதாரத் துறை ஆண்டுதோறும் சொல்வதும் இதைத்தான். கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த நேரம் கில்லுக்குப் பதில் இறங்கிய இஷான் கிஷன் முதல் பந்திலேயே அவுட். அடுத்து ரோகித், ஷ்ரேயஸ், இருவரும் பூஜ்யம். 2 ரன்னுக்கு 3 விக்கெட். கொசுவை இவ்வளவு ஒருமனதாக இந்த ஊர் சபித்து ஆய்வாளர் கேட்டதில்லை. கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97 என்று ஆறு விக்கெட்டில் இந்தியா ஜெயித்ததும் கொசுவுக்குப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது.

கில் டெல்லி ஆட்டத்தையும் விட்டுவிட்டு, 14ஆம் தேதி அகமதாபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இறங்கினார். 16 ரன். "டெங்கு அசதி" என்றது பெஞ்சு. இலங்கைக்கு எதிராக 92 எடுத்தபோது டெங்கு பற்றிய பேச்சே இல்லை. அரையிறுதியில் தசைப்பிடிப்பால் பாதியில் வெளியேறியதும் டெங்கு மீண்டும் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தது.

மேலாய்வுக்கு இடமிருக்கிறது. குறிப்பாக, அந்த மாதம் முழுக்கப் பெஞ்சுக்குப் பின்னால் கிடந்த தேங்காய்த் தொட்டிகளிலும் விளிம்பு உடைந்த பீங்கான் சாடியிலும் மழைத் தண்ணீர் நின்றதை யாரும் கவிழ்க்கவில்லை என்பதை ஆய்வாளர் பதிவு செய்கிறார். அவரும் கவிழ்க்கவில்லை, ஆய்வுக் களத்தில் தலையிடுவது முறையன்று.

நவம்பர் 19 இறுதி ஆட்டத்தில் கில் எடுத்தது 4 ரன். இந்தியா தோற்றது. அன்று அணியில் யாருக்கும் காய்ச்சல் என்று செய்தி இல்லை. பெஞ்சு அதை இன்னும் மன்னிக்கவில்லை.