பென்சிலா, டிரில்லா?

கேள்வி: ஹால் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் கம்பி மாட்ட ஆள் வேண்டாமென்று என் கணவரே டிரில்லைத் தூக்கிவிட்டார். தடுக்கவா, விடவா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: விடுங்கள். டிரில்லை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கையில் பென்சிலைக் கொடுங்கள். முக்கால்வாசி வேலை அதில்தான். கம்பி, ஜன்னலைவிட இருபுறமும் அரையடி நீண்டிருக்கட்டும். துணியை ஒதுக்கினால் வெளிச்சம் முழுசாக வரும். புள்ளி வைத்ததும் ரசமட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். 'என் கண்ணே மட்டம்' என்பார், நம்பாதீர்கள்.

இனி டிரில்லைத் தரலாம். 6 மி.மீ. கான்கிரீட் பிட், அதே அளவில் பிளக். ஓட்டை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பிளக் மேல்பூச்சோடு நின்றுவிட்டால், ஸ்க்ரீனை ஒருநாள் வெடுக்கென்று இழுக்கும்போது கம்பி, காரை எல்லாம் சேர்ந்து தலையில் இறங்கும். செங்கல் சுவரில் சிவப்புத் தூள் கொட்டினால் நல்ல சகுனம். சாம்பல் தூளே கொட்டி, பிட் நகராமல் அலறுகிறதா? அது ஜன்னலுக்கு மேலிருக்கும் லிண்டில் கான்கிரீட். அதனிடம் அவருடைய வீரம் செல்லாது. ஹேமர் மோடில் விட்டுவிட்டுத் துளைக்கட்டும், அல்லது கம்பியைக் கொஞ்சம் மேலே ஏற்றட்டும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் கை வைக்க வேண்டாம், உள்ளே வயர் ஓடும். கம்பி ஆறடியைத் தாண்டினால் நடுவிலும் ஒரு பிராக்கெட்.

வாடகை வீடா? ஜன்னல் குழிக்குள் முட்டி நிற்கும் ஸ்பிரிங் கம்பி வாங்குங்கள். மெல்லிய துணியைத் தாங்கும். சுவரிலும் ஓட்டை விழாது, அட்வான்ஸிலும் விழாது.