தங்கத்தால் பள்ளம் மூடிய ஊர்

குதிரைக்கு லாடம் கழன்றதால் பிறந்த ஊர் கல்கூர்லி. ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். குதிரையை யாரும் விசாரிக்கவில்லை.

1893 ஜூன் மாதம். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் உள்ளே, செம்மண்ணும் புதரும் ஈயும் மட்டுமே செழித்த பொட்டல். எங்கோ மவுன்ட் யூல் என்ற இடத்தில் தங்கம் கிடைக்கிறதாம் என்ற வதந்தியை நம்பி, பாடி ஹானன், டாம் ஃபிளனகன், டான் ஷே என்ற மூன்று அயர்லாந்துக்காரர்கள் கிளம்பினார்கள். வழியில் குதிரை மக்கர் செய்தது. நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால், காலடியில் தங்கம்.

முதலில் பார்த்தது ஃபிளனகன்தான் என்று வாதாடும் கட்சி ஒன்று உண்டு. ஆனால் அருகிலிருந்த கூல்கார்டி ஊருக்கு ஓடிப்போய், 100 அவுன்ஸுக்கு மேல் தங்கத்தைக் காட்டி, ஜூன் 17-ஆம் தேதி பதிவு செய்துகொண்டு வந்தவர் ஹானன். பத்திரம் யார் பேரிலோ அவன்தானே சொந்தக்காரன்! மூன்றே நாளில் எழுநூறு பேர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பிரதான வீதிக்கு ஹானன் தெரு என்று பெயர் வைத்தாயிற்று. இவர்கள் 'கண்டுபிடித்த' இடத்துக்கு வாங்கத்தா பூர்வகுடிகள் எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள்: கார்ல்குர்லா. அவர்கள் பெயர் வைத்தது அங்கே காய்க்கும் ஒரு காட்டுக்காயை வைத்து. தங்கத்தை வைத்து அல்ல.

வேடிக்கை என்னவென்றால், ஹானன் கண்ட தங்கம் வெறும் சில்லறை. பெரிய சரக்கு சில மைல் தெற்கே கிடந்தது. அடிலெய்டில் சிலர் கூட்டாகப் போட்ட பணத்தை வாங்கிக்கொண்டு வந்த புரூக்மன், பியர்ஸ் என்ற இருவர் அங்கே போய்க் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அனுபவசாலிகள் சிரித்தார்கள். அந்த இடத்துக்குத்தான் பிறகு 'கோல்டன் மைல்' என்று பெயர் வந்தது. இதுவரை அங்கிருந்து எடுத்தது 5 கோடி அவுன்ஸுக்கும் மேல். சிரித்த அனுபவசாலிகளின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஊரின் குணம் தெரிய வேண்டுமானால் ரோட்டுப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். சுரங்கத்திலிருந்து பித்தளை நிறத்தில் ஒருவகைக் கல் வந்துகொண்டே இருந்தது. பைரைட்; முட்டாள் தங்கம்; எதற்கும் உதவாது என்று வாரி வெளியே கொட்டினார்கள். கொட்டிய கல்லை வீணாக்குவானேன்? தெருவில் வண்டிச்சக்கரம் பதிந்த பள்ளங்களை மூடினார்கள். சில கட்டடங்களுக்கும் போனது. 1896-இல் யாரோ அதைச் சரியாகப் பரிசோதித்தபோது குட்டு உடைந்தது: டெல்லூரியத்தோடு கலந்து கிடந்த அசல் தங்கம். அப்புறம் என்ன, ஊரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தன் ரோட்டையே தோண்டக் கிளம்பியது என்பது இன்றும் அங்கே ஆசையாகச் சொல்லப்படும் கதை. போட்ட ரோட்டைத் தோண்டாத ஊர் உலகத்தில் இல்லை. தக்க காரணத்தோடு தோண்டிய ஊர் இது ஒன்றுதான்.

நம்பிக்கை இந்த ஊரில் தொற்றுநோய். 1898-இல் பக்கத்து ஊரான கனோனாவில் லாங் என்ற இளம் பாதிரியார், அரிவாள் வடிவில் பிரம்மாண்டமான தங்கக்கட்டி ஒன்றைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். எங்கே, எங்கே என்று நச்சரிப்பு தாங்காமல், ஒருநாள் ஹோட்டல் பால்கனியில் ஏறி நின்று இடத்தை அறிவித்தார். கீழே ஆயிரக்கணக்கில் கூட்டம். சொல்லி வாய் மூடுவதற்குள் குதிரையும் சைக்கிளுமாகப் புழுதி கிளம்பியது. அங்கே போய்ப் பார்த்தால் மண்தான். பாதிரியாரை ஏமாற்றியது யார் என்று யோசிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை, வசவெல்லாம் அவருக்கே. அடுத்த ஆண்டு டைபாய்டு வந்து செத்துப்போனார், பாவம்.

டைபாய்டுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. பஞ்சம் தண்ணீருக்குத்தான். உப்பு ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, காலன் கணக்கில் விற்றார்கள். அடுப்பெரிக்கச் சுற்றுவட்டாரத்து மரமெல்லாம் போனது. சரக்கைச் சுமந்து வந்தவை ஒட்டகங்கள். ஹானன் தெரு அவ்வளவு அகலமாக இருப்பது ஒட்டகச் சரம் வளைந்து திரும்புவதற்காகத்தானாம். ஒட்டகக்காரர்களில் பலர் பலுச்சிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள். தலைப்பாகை கட்டிய எல்லோருக்கும் 'ஆப்கன்' என்று ஒரே முத்திரை. மாவும் சாமானும் அவர்கள் கொண்டுவர வேண்டும்; தங்கம் தோண்ட உரிமம் கேட்டால், ஆசியர்களுக்கு இல்லை என்றது சட்டம். சுமப்பதற்குக் கறுப்பு ஆகும், சுரண்டுவதற்கு ஆகாது.

தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வந்தவரும் ஓர் அயர்லாந்துக்காரர். சி.ஒய். ஓ'கானர், அரசாங்கத் தலைமைப் பொறியாளர். பெர்த் அருகே மண்டரிங்கில் அணை கட்டி, எட்டு பம்பிங் ஸ்டேஷன் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் மேல் இரும்புக்குழாயில் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிப் பாலைவனத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். கடன் 25 லட்சம் பவுன். மனிதனுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். பத்திரிகைகள் அதோடு விடவில்லை. காசு அடித்துவிட்டான் என்றும் எழுதின. தங்க அரிவாளை நம்பி வெயிலில் ஓடும் நாட்டில், தண்ணீர் குழாயில் வரும் என்பதை நம்ப ஆளில்லை. 1902 மார்ச் 10 காலை, ஓ'கானர் ஃபிரிமாண்டில் அருகே கடற்கரைக்குக் குதிரையில் போய், தண்ணீருக்குள் இறங்கி, தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இதில் எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பத்து மாதம் கழித்து, 1903 ஜனவரி 24 அன்று, கொளுத்தும் வெயிலில் கல்கூர்லியில் தண்ணீர் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்வர் ஜான் ஃபாரஸ்ட் வால்வைத் திறந்துவைத்தார். சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. சாராயக்கடைகள் மூடிவிடும் என்று யாராவது பயந்திருந்தால் அது வீண்பயம். ஊரின் தாகம் ஒரே வகையானது அல்ல.

மற்றதெல்லாம் சுருக்கமாக. டிபன் பெட்டியிலும் பூட்ஸிலும் தங்கம் வெளியே போவதைத் தடுக்க 1907 முதல் இங்கே தனிப் போலீஸ் பிரிவே உண்டு. 1980-களில் ஆலன் பாண்ட் என்ற கோடீசுவரர் சுரங்கங்களை எல்லாம் வாங்கி ஒரே குழியாக்கப் பார்த்தார். அவர் கவிழ்ந்தார், குழி நின்றது. 'சூப்பர் பிட்' என்று பெயர். மூன்றரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டர் ஆழம். பள்ளம் மூடிய ஊர், கடைசியில் பள்ளத்தையே சுற்றுலாத் தலமாக்கிவிட்டது.

கோடிக்குத் தங்கம் கிடைக்க வழிகாட்டிய ஹானனுக்கு 1904 முதல் அரசாங்கம் கொடுத்தது ஆண்டுக்கு 100 பவுன் பென்ஷன். கொஞ்சம் வருஷம் போனதும் 150 ஆக்கினார்கள். 1925-இல் மெல்பர்னில் இறந்தார். 1929-இல் ஹானன் தெருவில் சிலை வைத்தார்கள்: தாடியோடு உட்கார்ந்திருக்கிறார், கையில் தண்ணீர்ப் பை. அது வெறும் அலங்காரம் அல்ல, குடிநீர்க் குழாய். வழிப்போக்கர்கள் குனிந்து குடிக்கலாம். ஓ'கானருக்கும் குதிரைமேல் ஒரு சிலை உண்டு. அது 600 கிலோமீட்டருக்கு அப்பால், ஃபிரிமாண்டில் கடலுக்குள் நிற்கிறது. ஹானனின் பையில் வருவது ஓ'கானர் குழாய்த் தண்ணீர்.