வெள்ளிக்கிழமை வான்கோழி

2024 அக்டோபரில் லண்டன் ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 13, உங்கள் உணவுத் தேவையைத் தெரிவிக்கவும். கீழே வரிசையாகக் கட்டங்கள்: வெஜிடேரியன், வீகன், ஹலால், கோஷர், கோதுமை ஆகாது, கொட்டை வகை ஆகாது, எதுவும் இல்லை. ஒன்றில்தான் டிக் போட முடியும். நான் வெஜிடேரியன் இல்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த் கறிக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். ஆகவே ‘எதுவும் இல்லை’யில் ஒரு டிக் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன். வாழ்க்கையில் நான் செய்த பல காரியங்களைப் போல இதையும் காலண்டரைப் பார்க்காமலே செய்தேன்.

2024 டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை. வெள்ளி என்பதே போதும், அன்றைக்குத் திருக்கார்த்திகை வேறு. ஃபாரிங்டன் பக்கத்தில் ஒரு உணவகம், நீள மேஜை, தலையில் பச்சைக் காகிதக் கிரீடம். முன்னால் தட்டு நிறைய வான்கோழி. அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது. மனோர் பார்க் வீட்டு வாசற்படியில் பதினோரு அகல் விளக்கு, காற்றுக்கு மறைப்பாகக் கவுன்சில் கொடுத்த குப்பைத் தொட்டி. கீழே ஒரு வரி: “வர்ற வழியில சர்ச் ரோடு முருகனைப் பாத்துட்டு வந்துடுங்க.”

பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். தலை எண்ணித்தான் சைவத் தட்டு செய்திருக்கிறார்கள், ஒன்றுகூட மிச்சமில்லை என்று வருத்தப்பட்டாள். பரவாயில்லை, ஓரத்தில் இருக்கிற காய்கறியைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். அவள் நல்லவள், உண்மையைச் சொல்லிவிட்டாள். உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்தது. குட்டி முட்டைக்கோஸில் பன்றிக்கறித் துணுக்கு. மேலே ஊற்றியிருக்கும் குழம்பு வான்கோழிச் சாறு. செடியாகப் பிறந்ததெல்லாம் இந்த நாட்டில் அசைவமாகத்தான் மேஜைக்கு வருகிறது. கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு பன்னும் கிரான்பெரி ஜாமும். ரயில்வே கேன்டீனில்கூட இதைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

எதிரில் இருந்த இளைஞர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, வெள்ளிக்கிழமை கூடாது என்று நான் விளக்கியதும் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நீ ஒரு ஃப்ளெக்சிடேரியன்!” ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் நோயின் பெயரைச் சொல்வாரே, அந்தக் குரல். பெயர் கிடைத்துவிட்டது, இனி பயமில்லை.

அந்தப் பெயரைப் பற்றி அப்புறம் படித்துப் பார்த்தேன். அமெரிக்க வட்டாரமொழிச் சங்கம் 2003-ம் ஆண்டின் மிகப் பயனுள்ள சொல் என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வளைந்து கொடுக்கிற வெஜிடேரியன் என்று பொருள். இங்கிலாந்துக்காரர்களும் பெயர் வைப்பதில் மன்னர்கள். 1847-ல் ராம்ஸ்கேட் என்ற கடலோர ஊரில் கூடி வெஜிடேரியன் சங்கம் வைத்தார்கள். 1944-ல் டொனால்ட் வாட்சன் என்பவரும் கூட்டாளிகளும் பாலும் வேண்டாம் என்று பிரிந்தபோது, வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்தையும் கடைசி இரண்டெழுத்தையும் ஒட்டி வீகன் என்று வைத்தார்கள். நடுவில் இருந்ததை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. மீன் மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஒரு பெயர், முட்டையும் பாலும் சாப்பிடுகிறவருக்கு ஒரு பெயர். கடைசியாக, எப்போதாவது கறி சாப்பிடுகிற என் போன்றவனையும் விட்டுவைக்கவில்லை.

எனக்கு வருத்தம் பெயர் வைத்ததில் இல்லை, வளைகிறவன் என்று சொன்னதில்தான். நான் எங்கே வளைந்தேன்? எங்கள் வீட்டுக் கணக்கு ரயில்வே கால அட்டவணையைவிடக் கறாரானது. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. வியாழக்கிழமையை மாமியார் சாய்பாபாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கள், புதன் சாமிகள் யாரும் உரிமை கோரவில்லை. ஆனால் வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீடு திரும்பி யார் ஆட்டுக்கறி வேக வைப்பது? ஆக, மிச்சம் ஞாயிறு. வருஷத்துக்கு 52. புரட்டாசியில் 4, மார்கழியில் 4 கழித்தால் 44. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி வந்து விழுகிற ஞாயிறு ஒரு 6. மிச்சம் 38. கோயில் விசேஷம், யாராவது வீட்டு கிரகப்பிரவேசம், ஊரில் தூரத்துச் சொந்தம் இறந்து தீட்டு என்று ஒரு 10. மிச்சம் 28. இந்த 28 நாளிலும் காலை ஒன்பது மணிக்குப் பையோடு போய், முக்கால் கிலோ எலும்போடு வாங்கி, இஞ்சி பூண்டு தட்டி, நாலு விசில் வைத்து, புகை அலாரத்துக்கு அடியில் டவலை வீசிக்கொண்டே சாப்பிடுகிறவன் நான். இதில் வளைவு எங்கே இருக்கிறது?

2014-ல் இந்திய அரசு எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். இதைப் படிக்கிற வெள்ளைக்காரர் தமிழன் தினம் ஒரு ஆட்டைச் சாய்க்கிறான் என்று நினைத்துக்கொள்வார். அந்த 97 பேரில் பெரும்பாலோர் நம்மைப்போல ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தான் என்பது நமக்குத் தெரியும். நம் ஊரில் விருந்தாளியைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்பதில்லை. “இன்னிக்குக் கவிச்சி சாப்பிடுவீங்களா?” என்றுதான் கேட்பார்கள். கேள்வியின் உயிரே அந்த ‘இன்னிக்கு’தான்.

மேஜையின் கோடியில் ஓர் ஐரிஷ் அம்மாள் இருந்தார், ஓய்வு பெறும் வயது. “என் பாட்டியும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டாள்” என்றார். அவருக்கு மட்டும் உடனே புரிந்தது. கத்தோலிக்கர்களுக்கு வெள்ளி விரத நாள். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் நடுவில் தளர்ந்துபோயிருந்த அந்த வழக்கத்தை 2011 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னால், 1563-ல், எலிசபெத் மகாராணியின் அமைச்சர் வில்லியம் செசில் புதன்கிழமையும் மீன் நாள்தான் என்று சட்டமே போட்டார். பக்தியால் அல்ல, மீனவர்கள் பிழைத்தால்தான் கப்பற்படைக்கு ஆள் கிடைக்கும் என்று. (நான் தினமும் ஏறுகிற ரயிலுக்குப் பெயர் கொடுத்த எலிசபெத் இரண்டாமவர், இவர் முதலாமவர்.) ஆக, இவர்களிடமும் ஒரு காலத்தில் கிழமைதான் இருந்திருக்கிறது. காலண்டரைத் தொலைத்துவிட்டுப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விரதத்துக்கு மீன் சாப்பிடலாம் என்றாரே, அதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த உணவகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஃபாரிங்டன் ஸ்ட்ரீட். 1888-ல் கப்பலேறி வந்த காந்தி, அம்மாவுக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தவர், இந்த ஊரில் அரைப் பட்டினி கிடந்து, நடந்து நடந்து தேடி, அந்தத் தெருவில்தான் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். ஹென்றி சால்ட் எழுதிய புத்தகம் ஒன்றை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போய், இங்கிலாந்து வந்தபிறகு முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அப்போதே இங்கே குழப்பம்தான். மாமிசம் என்றால் மிருகமும் பறவையும் மட்டும் என்றார்கள் சிலர், மீனும் சேர்த்தி என்றார்கள் சிலர், முட்டையும் பாலும்கூட என்றார்கள் சிலர். முட்டை மாமிசமில்லை என்ற பேச்சை நம்பி அவரும் கொஞ்ச நாள் முட்டை சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு யோசித்தார்: சத்தியம் வாங்கியது அம்மா, அவளுடைய அகராதிப்படி முட்டையும் மாமிசம்தானே? அதோடு முட்டையை விட்டுவிட்டார். லண்டனின் மூன்று விளக்கங்களும் அந்த ஒரு அம்மாவிடம் தோற்றன.

என் அம்மாவின் அகராதி வேறு மாதிரி. “கேக்குல போட்ட முட்டை கணக்குல வராதுடா, அது வெந்து வெளியே போயிருக்கும்” என்பாள். எங்கே போயிருக்கும் என்று நான் கேட்டதில்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் அவளிடம் பேச்சே கிடையாது. அவள் முதன்முதலாக லண்டன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை விமானத்தில். டிக்கெட் போடும்போது சாப்பாட்டு வகைகளைப் பார்த்தேன். ‘ஹிந்து மீல்’ என்று ஒன்று இருந்தது. இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று அதையே போட்டேன். விமானத்தில் ஹிந்து மீல் என்றால் மாட்டுக்கறி இல்லாத அசைவம் என்பது, ஹீத்ரோவில் அம்மா முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. “இந்துன்னு எழுதி ஒட்டி, உள்ளே கோழி வெச்சிருக்கான்டா.” ஒன்பது மணி நேரமும் ஆரஞ்சுச் சாறு. நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல். என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். ஆசிய வெஜிடேரியன் சாப்பாடு. அம்மாவுக்கு அதைக் காரைக்குடி செட்டியார் படக்கம்பெனியை வைத்து மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நம் சொல்லும் சாமானியப்பட்டதில்லை. சைவம் என்பது சிவநெறி. அதையே காய்கறிக்கும் பெயராக வைத்துவிட்டதால், நாமம் போட்ட வைணவரும் பசித்தால் ‘உயர்தர சைவ உணவகம்’ தேடிப் போகிறார். அறுபத்து மூன்று நாயன்மாரில் கண்ணப்பர் சிவனுக்குப் பன்றிக்கறி படைத்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். இவர்களிடம் என் ஆபீஸ் படிவத்தைக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்கள்? வள்ளலார் புலால் மறுத்தவர்களை அகவினத்தார் என்றும் மற்றவர்களைப் புறவினத்தார் என்றும் பிரித்தார். அவரைவிடக் கண்டிப்பாகப் பெயர் வைத்தவர் யாருமில்லை. ஆனால் 1867-ல் வடலூரில் அவர் திறந்த தருமசாலையில் பசி என்று வந்தவருக்கெல்லாம் சோறு உண்டு, எந்த இனம் என்று பார்த்துப் போடுவதில்லை. என் ஆபீஸில் தலை எண்ணித்தான் போட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிரிக்கிற விஷயமில்லை. இருபது வருஷத்துக்கு முன் சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, மூன்று வாசல்களில் “நீங்க சைவமா?” என்று கேட்டார்கள். அவர்கள் என் சாப்பாட்டை விசாரிக்கவில்லை. சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லையென்று சட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வீட்டில் “இன்னிக்கு சைவம்” என்று உண்மையைச் சொன்னேன். வீடு கிடைக்கவில்லை. உணவுக்கு ஒட்டுகிற பெயரை ஆள்மேல் ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மனோர் பார்க்கில் இந்தச் சிக்கலை எல்லாரையும்விட அழகாகத் தீர்த்து வைத்திருப்பவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி. அவர் வீட்டில் இரண்டு வரிசைச் சட்டிகள். மேல்தட்டில் சைவச் சட்டி, கீழ்த்தட்டில் மச்சச் சட்டி. மச்சம் என்றால் மீன்தான். ஆனால் ஆடு, கோழி, கணவாய், நண்டு எல்லாம் அந்தக் கீழ்த்தட்டில் அடக்கம். அகப்பையும் தனித்தனி. வாரத்துக்கு ஒருமுறை வேலிக்கு மேலாக ஐஸ்கிரீம் டப்பாவில் எங்களுக்கு ஏதாவது வரும். நீல மூடி என்றால் மரக்கறி, சிவப்பு மூடி என்றால் மச்சம். கிழமை பார்த்துத்தான் மூடி வரும். ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

கார்த்திகை இரவு அரை வயிற்றோடு கோயிலிலிருந்து திரும்பிய என்னைப் பார்த்து, என்ன தம்பி முகம் வாடிக் கிடக்கு என்றார். முழுக்கதையையும், அந்தப் புதுப் பெயரையும் சொன்னேன். அன்ரிக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை, நுழைக்கவும் முயலவில்லை.

“ஆக்களுக்கு என்னத்துக்குத் தம்பி பேர்? சட்டிக்கு வைச்சாக் காணாதே?” என்றபடி உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தார். நீல மூடி. கத்தரிக்காய்ப் பால்கறியும் புட்டும். காகிதக் கிரீடத்தைக் கழற்ற மறந்திருக்கிறேன் என்பதைக் கடைசி வாய் சாப்பிடும்போதுதான் மனைவி சொன்னாள். அதோடுதான் முருகனையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வருஷப் படிவமும் வந்தது. விருந்து டிசம்பர் 12, அதுவும் வெள்ளி. மறுநாள் லீவு என்பதால் இவர்கள் எந்த வருஷமும் வெள்ளியில்தான் வைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் ஆபீஸைப் பொறுத்தவரை நான் ஆயுளுக்கும் வெஜிடேரியன். அதில் டிக் போட்டுவிட்டேன். ஞாயிறு 14-ம் தேதிக்கு முக்கால் கிலோ சொல்லி வைத்தாயிற்று. மார்கழிக்கு முந்தின கடைசி ஞாயிறு.