வி.பி.என். விசா

2022 ஏப்ரல் 3. இலங்கையெங்கும் ஊரடங்கு. பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டதால் பேஸ்புக், வாட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப் எல்லாவற்றுக்கும் பூட்டு. அரசாங்கத்தின் இந்தப் பெருங்கருணையை இன்றுவரை யாரும் முறையாகப் பாராட்டவில்லை. டீசலுக்கு வரிசை, மூதூர் போவதே பெரும்பாடு. அந்த நேரத்தில் கட்டைபறிச்சான் பெடியன்களை, வேறு நாட்டு ஐ.பி. (இணைய) முகவரியைக் காட்டும் வி.பி.என். வழியே ஒரே இரவில் நெதர்லாந்துக்காரர் ஆக்கியது லேசான காரியமா? ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. நாடு பார்த்துக் கதவு திறக்கும் தீச்சுவர், ஐ.பி. முகவரியைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. அப்படியொரு சுவர் வைத்த உள்ளூர் வங்கித்தளம், சொந்தத் திண்ணையில் இருப்பவரையும் அந்நியர் என்று திருப்பி அனுப்பிவிடும். நல்லதுதான். சோதனைச்சாவடியில் வளர்ந்த ஊர், கோபிக்காது.

அன்று அமைச்சர் நாமல் ராஜபக்சவும் டுவிட்டரில் எழுதினார்: தானே வி.பி.என். பாவிப்பதாகவும், இத்தகைய தடை பயனற்றதென்றும். பூட்டுப் போடச் சொன்ன அமைச்சு, அப்போது ஜனாதிபதியாக இருந்த சித்தப்பா கோட்டாபயவின் கையில்.

பின்னேரமே பூட்டுத் திறந்தது. நாட்டைவிட்டுத் தப்பிய சித்தப்பா ஜூலை 14இல் மாலைதீவு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். வி.பி.என். தேவைப்படவில்லை.